அந்தப் பக்கத்துப் புல் யாருடையது?

மாசி பிறந்து பத்து நாள் இருக்கும். மேலூருக்குக் கிழக்கே மாமாவின் வயலில் அறுப்பு முடிந்து தாள் மட்டும் நின்றது. அன்று ராத்திரி அதில் முந்நூறு செம்மறி கிடை; உரத்துக்காக ஆட்டை ராத்திரி வயலில் மடக்கிப் படுக்கவைப்பதுதான் கிடை. கமுதிப் பக்கத்துக் கீதாரி, அதாவது ஆட்டு மந்தைக்காரர், ஒருவர் வருஷா வருஷம் ஓட்டிக்கொண்டு வருவார். ஆடுகள் படுத்து அசைபோட ஆரம்பித்த பிறகு சாக்கை விரித்து உட்கார்ந்தோம். அவருடைய பேரன் செல்போனில் ஒரு வீடியோ காட்டினான். 2024 ஜனவரியில் எல்லோர் கைக்கும் வந்த வீடியோதான். லடாக்கில் சுசூல் பக்கம் ஆடு மேய்க்கிறவர்கள் சீனப் படையினரை எதிர்த்து நின்று, இது எங்கள் மேய்ச்சல் நிலம் என்று வாதாடுகிறார்கள்.

கீதாரி முதலில் ஆடுகளைத்தான் பார்த்தார். "மயிரு ஜாஸ்தியா இருக்கு, குளுருற ஊரு போல" என்றார். அப்புறம் கேட்டார்: "அந்தப் பக்கத்துப் புல்லு யாருது தம்பி?"

எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு உலகத்தில் பல நாடுகள் முந்நூறு நானூறு வருஷமாக மல்லுக்கட்டுகின்றன என்று.

முதலில் ஒரு சொல்லைச் சரி செய்துகொள்வோம். ஆட்டை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவரை 'நாடோடி' என்கிறோம். எங்கள் கீதாரி காதில் அது விழுந்தால் கோபம் வரும். அவருக்குச் சொந்த ஊர் உண்டு, வீடு உண்டு, ரேஷன் கார்டு உண்டு. குலசாமி கும்பிடுக்கு எங்கிருந்தாலும் போய்விடுவார். அவர் செய்வது வலசை. பறவைக்குச் சொல்கிறோமே, அதே வலசை. எந்த மாதம் எங்கே இருப்பார் என்பது போன வருஷமே தெரியும்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை இறங்கிவிட்டால் கண்மாய்ப் பாசன வயலெல்லாம் பயிர் நிற்கும். ஆட்டுக்கு அங்கே வேலை இல்லை. தவிர, ஈரத்தில் நின்றால் செம்மறிக்குக் குளம்பு அழுகும். அதனால் மேட்டு நிலம், பொட்டல் காடு. தை, மாசியில் அறுப்பு ஆக ஆக வயல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும். தாளும் சிந்திய நெல்லும் வரப்புப் புல்லும் ஆட்டுக்கு. புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு. சிலர் வைகைக்கரையோடு நின்றுவிடுவார்கள், சிலர் தஞ்சாவூர் வரைக்கும் போவார்கள். கோடையில் புல் காய்ந்து போனால் இருக்கவே இருக்கிறது கருவேல நெற்று. சீமைக்கருவேலை ஊரே திட்டும். கீதாரி திட்டமாட்டார்.

ஏன் ஓரிடத்திலேயே வைத்து வளர்க்கக் கூடாது? வறண்ட பூமியில் மழை ஒழுங்காகப் பெய்யாது. இந்த வருஷம் இங்கே பெய்தால் அடுத்த வருஷம் இருபது மைல் தள்ளிப் பெய்யும். ஒரே இடத்தில் நின்ற மந்தை புல்லை வேரோடு கடித்துவிடும். பிறகு அங்கே முள்தான் முளைக்கும். நகர்ந்துகொண்டே இருக்கிற மந்தைக்கு இளம்புல் கிடைக்கும், அதில்தான் சத்து. மேய்ந்த நிலத்துக்கும் ஓய்வு கிடைக்கும். சகாரா ஓரத்து மாட்டுக்காரரும் திபெத் மேட்டுநிலத்தில் யாக் என்கிற சடைமாடு மேய்க்கிறவரும் கமுதிக் கீதாரியும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஆனால் மூவரும் கண்டுபிடித்த விஷயம் ஒன்றுதான்.

அடுத்தது எல்லை. இதைப் புரிந்துகொள்ள லடாக் வரை போக வேண்டியதில்லை, மாமாவின் வயலிலேயே பார்க்கலாம்.

கீதாரி திடீரென்று வந்து நிற்பதில்லை. தை கடைசியிலேயே போன் வரும். எத்தனை ராத்திரி, ராத்திரிக்கு எவ்வளவு, பணமா நெல்லா, எந்த வழியாக வருவது, தண்ணீர் எங்கே காட்டுவது எல்லாம் பேசி முடித்துவிடுவார்கள். பக்கத்து வயலில் உளுந்து நின்றால் வாய்க்கால் கரையோடு சுற்றித்தான் வர வேண்டும். ஒரு வருஷம் அப்படி வரும்போது பத்துப் பதினைந்து ஆடு கரையை விட்டு இறங்கி, அடுத்தவர் கத்தரிச் செடியில் வாய் வைத்துவிட்டது. விடியுமுன் சத்தம். ஊர் மந்தைவெளியில் நாலு பேர் கூடினார்கள். கீதாரி தப்பை மறுக்கவில்லை. கத்தரிக்காரர் வயலில் இரண்டு ராத்திரி கூலி வாங்காமல் கிடை போடுவதாகப் பேச்சு முடிந்தது. அவருக்கும் வாய் நிறையச் சந்தோஷம். அடுத்த வருஷம் அவரே கூப்பிட்டுக் கிடை போட்டார்.

இதில் என்னென்ன இருக்கிறது பாருங்கள். வரும் முன் தகவல், வருகிற வழி, தங்கும் நாள், சேதத்துக்கு ஈடு, சண்டை வந்தால் பேச ஓர் இடம். வரப்பை யாரும் அழிக்கவில்லை. வரப்பு அப்படியே இருக்கிறது, ஆனால் வருஷத்தில் இத்தனை நாள் அது திறக்கும். சர்வதேச எல்லையில் மேய்ச்சலை ஒழுங்குபடுத்துவது என்று பெரிய பெரிய மாநாடுகளில் பேசுவதெல்லாம் இதைத்தான். அளவுதான் பெரிசு.

எல்லையும் மந்தையும் சேர்ந்தே வருவது நமக்குப் புதிதும் இல்லை. நம் புறத்திணை இலக்கணத்தில் போரே ஆநிரை கவர்வதில்தான் தொடங்குகிறது: கவர்ந்தால் வெட்சி, மீட்டால் கரந்தை. ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழி (பழைய தமிழ் பிராமி) எழுத்து நடுகல் ஒன்று, கூடலூர் ஆகோளில் இறந்த அந்தவன் என்பவனுக்கு நட்டது. ஆகோள் என்றால் மாட்டைக் கவர்தல். தமிழில் கிடைத்திருக்கிற மிகப் பழைய எழுத்துகளில் ஒன்று மாட்டுச் சண்டையில் செத்தவன் பெயர் என்பது எனக்கு எப்போதும் வியப்புத்தான்.

அந்தக் காலத்து எல்லை ஒரு பகுதியாக இருந்தது: ஒரு காடு, ஒரு மலை, யாருக்கும் சரியாகச் சொந்தமில்லாத இடைவெளி. மேய்ப்பவன் பிழைத்ததே அந்த இடைவெளியில்தான். தேசப்படம் வரைந்து, கோடு போட்டு, கோட்டில் சிப்பாயை நிறுத்திய பிறகு இடைவெளி காணாமல் போனது.

கோடு இறுகினால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்கானிஸ்தான் ஓர் உதாரணம். பொவிந்தா என்கிற மேய்ப்பர்கள் கோடையில் ஆப்கன் மலைகளில் மேய்த்துவிட்டு, குளிர்காலத்தில் சிந்து நதிச் சமவெளிக்கு இறங்குவார்கள். 1893இல் ஆங்கிலேயர் டூரண்ட் கோட்டைப் போட்டபோதுகூட அந்த நடை நிற்கவில்லை. 1961இல் பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும் முறைத்துக்கொண்டு எல்லையை மூடியபோதுதான் நின்றது. மலையில் பனி இறங்கும், கீழே போக வழியில்லை. பலர் மந்தையை விற்றார்கள். மந்தையை விற்ற மேய்ப்பனிடம் வேறு தொழில் இருக்காது.

லடாக் கதையும் அப்படித்தான். சாங்தாங் மேட்டுநிலத்தில் சாங்பாக்கள் வெள்ளாடும் செம்மறியும் யாக்கும் மேய்க்கிறார்கள். காஷ்மீர் சால்வைக்கான பஷ்மினா அந்த வெள்ளாட்டின் அடிமயிர். 1962 போருக்குப் பிறகு, குளிர்காலத்தில் மந்தையை ஓட்டிப்போன சில பள்ளத்தாக்குகள் கைவிட்டுப் போயின. அதே காலத்தில் திபெத்திலிருந்து தப்பி வந்த மேய்ப்பர்களும் தங்கள் மந்தையோடு இந்தப் பக்கம் குடியேறினார்கள். நிலம் சுருங்கியது, வாய் பெருகியது. அந்த வீடியோவில் சிப்பாயிடம் மல்லுக்கு நிற்கிறவர்களின் கோபம் ஒரு நாள் கோபம் இல்லை.

சரி, அரசாங்கங்கள் ஏன் இப்படிப் பயப்படுகின்றன? அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. மந்தையோடு கோமாரி வரும், ஆட்டுக்கொல்லி வரும். துப்பாக்கி வரும், கடத்தல் சரக்கு வரும். உள்ளூர் விவசாயி பயிர் போச்சு என்று வந்து நிற்பார். யாருக்கு வரி, யாருக்கு ஓட்டு என்பதும் குழப்பம்.

ஆனால் நோய் விஷயத்தில் ஒரு சம்பவம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற வெக்கை நோய் உலகத்தை விட்டு ஒழிந்தது என்று 2011இல் அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்து மனிதன் ஒழித்த இரண்டாவது நோய் அதுதான். கடைசியாக அது ஒளிந்திருந்த இடம் சோமாலியா, கென்யா, எத்தியோப்பியா மூன்றும் சந்திக்கிற மேய்ச்சல் பகுதி. டாக்டர் போக முடியாத இடம். மந்தை இன்றைக்கு இந்த நாட்டில் இருக்கும், நாளைக்கு அந்த நாட்டில். குளிர்பெட்டி இல்லாமலே பல நாள் தாங்கும் தடுப்பூசி ஒன்று தயாரானது. அதை மேய்ப்பர்களிலிருந்தே ஆள் எடுத்துப் பழக்கி, அவர்கள் கையாலேயே போடவைத்தார்கள். மந்தை எந்த வழியாக எப்போது போகும் என்பது அவர்களுக்குத்தானே தெரியும். எல்லையை மூடியிருந்தால் மந்தை திருட்டு வழியில் போயிருக்கும், நோயும் கூடவே போயிருக்கும்.

காவல் விஷயத்திலும் அப்படி ஒன்று உண்டு. 1999 மே மாதம் கார்கில் மலையில் ஊடுருவியவர்களை முதலில் பார்த்துப் படைக்குச் சொன்னவர் தாஷி நம்கியால் என்கிற மேய்ப்பர். காணாமல் போன யாக்கைத் தேடிப் போனவர் அவர்.

இனி நல்லபடியாக ஏற்பாடு செய்த இடங்களுக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடித்தது வடக்கு ஐரோப்பாவில் 1751இல் எழுதிய ஓர் ஒப்பந்தம். அங்கே பனிமான் மேய்க்கிறவர்கள் சாமி இனத்தார். (பெயர்தான் சாமி, நம்ம சாமி இல்லை.) குளிர்காலத்தில் காட்டுக்குள், கோடையில் கடலோர மலைக்கு என்று அவர்கள் வலசை. அப்போது நார்வேயை டென்மார்க் ஆண்டது. அதற்கும் ஸ்வீடனுக்கும் இடையே எல்லை அளந்தார்கள். அளந்தவர்களுக்குச் சாமிகள் நினைவு வந்தது. ஒப்பந்தத்துக்கு ஒரு பின்னிணைப்பு எழுதினார்கள்: பழைய வழக்கப்படி வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பனிமானோடு எல்லை தாண்டலாம், ஒரே நாட்டுக்குத்தான் வரி, இரண்டு நாட்டுக்கும் போர் வந்தாலும் மேய்ப்பனைத் தொடக் கூடாது. கோட்டைப் போடும்போதே கோட்டில் கதவையும் வைத்தார்கள்.

கதவு நிரந்தரமாக இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்போது ஸ்வீடனோடு இருந்த ஃபின்லாந்து பின்னால் ரஷ்யப் பேரரசின் கைக்குப் போனது. 1852இல் ரஷ்யா நார்வே எல்லையைப் பனிமானுக்கு மூடியது. சில குடும்பங்கள் ஸ்வீடன் வழியாகச் சுற்றிப் போனார்கள். 1889இல் அந்த வழியும் அடைபட்டது. அந்தப் பகுதியில் நூறு வருஷத்துக்கு மேல் ஓடிய ஏற்பாடு, தலைநகரில் இருப்பவர்களின் மனக்கசப்பில் போயிற்று.

நம் காலத்துக்கு வந்தால் மேற்கு ஆப்பிரிக்கா. மாலி, நைஜர், புர்கினா ஃபாசோ வறண்ட பூமி. மழை ஓய்ந்ததும் அங்கிருந்து மாடுகள் தெற்கே கானா, டோகோ, பெனின், நைஜீரியா போன்ற கடலோர நாடுகளை நோக்கி இறங்கும். மழை ஆரம்பித்ததும் திரும்பும். எக்கோவாஸ் என்கிற அந்தப் பகுதி நாடுகளின் கூட்டமைப்பு 1998இல் ஒரு முடிவு எடுத்தது. மந்தைக்கு ஒரு வலசைச் சான்றிதழ், மாட்டுக்குப் பாஸ்போர்ட் மாதிரி. எத்தனை உருப்படி, என்ன தடுப்பூசி, எந்த வழி, எந்தச் சாவடி, எங்கே போய்ச் சேருகிறது எல்லாம் அதில் இருக்கும். பகலில்தான் எல்லை தாண்ட வேண்டும். மந்தையோடு குறைந்தது இரண்டு மேய்ப்பர்கள், 18 வயது நிரம்பியவர்கள். எந்த மாதம் வரலாம், எந்தப் பகுதியில் மேய்க்கலாம் என்பதை மந்தை வந்து சேருகிற நாடு சொல்லும். எங்கள் மாமாவும் கீதாரியும் போனில் பேசிய அதே பேச்சு, முத்திரை குத்திய காகிதத்தில்.

காகிதம் நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் சாவடிக்குச் சாவடி கையை நீட்டுவார்கள். மாடு போகிற பாதையில் வயல் முளைத்திருக்கும். கடலோர நாடுகளில் சில, கலவரம் என்றால் ஒரேயடியாக வராதே என்றுவிடும். இதற்கு மேல், 2025 ஜனவரியில் மாலி, நைஜர், புர்கினா ஃபாசோ மூன்றுமே எக்கோவாஸை விட்டு விலகிவிட்டன. மந்தை புறப்படுகிற நாடுகளே வெளியே போன பிறகு அந்தச் சான்றிதழுக்கு என்ன மரியாதை இருக்கும்? மாடு என்னவோ வழக்கம்போல் தெற்கே பார்த்துத்தான் நடக்கும்.

கிழக்கே கென்யாவும் உகாண்டாவும் 2019இல் மொரோட்டோ என்ற ஊரில் ஓர் ஒப்பந்தம் போட்டன. கென்யாவின் துர்க்கானா மேய்ப்பர்கள் வறட்சியில் உகாண்டாவின் கரமோஜாவுக்குத் தண்ணீர் தேடிப் போவார்கள். தண்ணீரைப் பகிர்ந்துகொள்வது, மருந்து போடுவது, சண்டையை அடக்குவது என்று பேசினார்கள். 2023இல் உகாண்டா அதிபர், துர்க்கானாக்கள் துப்பாக்கியை விட்டுவிட்டு வராவிட்டால் வெளியேற்றுவேன் என்று உத்தரவு போட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. அங்கே மாடு திருடப் போகிறவன் கையில் கம்பு இல்லை, இயந்திரத் துப்பாக்கி. வெட்சித் திணை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

இதெல்லாம் எங்கோ நடப்பது என்று நினைக்க வேண்டாம். தேனிப் பக்கத்து மலைமாட்டுக்காரர்களுக்கு எல்லை என்றால் வனத்துறைப் பலகை. தலைமுறை தலைமுறையாக அனுமதிச் சீட்டு வாங்கி மலையில் பட்டி போட்டவர்கள். 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் எதிலும் மேய்ச்சல் கூடாது என்றது. சில நாளிலேயே சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகத்துக்கு மட்டும் அந்தத் தடை என்று திருத்தியது. புலிக்கும் காடு வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2006 வன உரிமைச் சட்டம், இடம்பெயர்ந்து மேய்க்கிறவர்களின் பருவகால உரிமையையும் பெயர் சொல்லியே ஏற்றிருக்கிறது. சட்டத்தில் இருக்கிற கதவை மலையடிவாரத்தில் யாரும் திறந்து காட்டுவதில்லை என்பதுதான் என் குறை. இந்தப் பக்கத்தில் சிவகங்கைச் சீமையின் புலிக்குளம் கிடைமாடுகளுக்கும் அதே கதி: ஜல்லிக்கட்டில் காளைக்குக் கைதட்டுகிறோம், அதைப் பெற்ற பசு மேய்ந்த புறம்போக்கில் பிளாட் போடுகிறோம்.

ஐ.நா. சபை 2026ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் உரிய ஆண்டாக அறிவித்திருக்கிறது. பிறகு ஒரு ராத்திரி கிடைக்குப் போனபோது கீதாரிக்கு இந்தச் செய்தியைச் சொன்னேன். "அப்படியா" என்றார்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டது வேறு ஒரு கதையை. பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே பிரனீஸ் மலை. மலைக்குப் பிரான்ஸ் பக்கம் பாரெத்தூ பள்ளத்தாக்கு, ஸ்பெயின் பக்கம் ரொங்கால் பள்ளத்தாக்கு. புல்லுக்கும் ஊற்றுக்கும் அடித்துக்கொண்டு, ஆள் செத்து, 1375இல் ஒரு பஞ்சாயத்துத் தீர்ப்பு ஆனது. பிரான்ஸ் பக்கத்து மந்தை ரொங்கால் மேய்ச்சலில் குறிப்பிட்ட நாட்கள் மேயலாம். அதற்குப் பதிலாக வருஷா வருஷம் மூன்று பசுக் கொடுக்க வேண்டும். இரண்டு வயசு, ஒரே நிறம், ஊனமில்லாதது. அப்போது ஸ்பெயின் என்கிற நாடே உருவாகவில்லை. பின்னால் இரண்டு நாடும் எல்லை ஒப்பந்தம் போட்டபோதும் அந்த ஏற்பாட்டை விட்டுவிடவில்லை. இன்றைக்கும் ஜூலை 13ஆம் தேதி இரண்டு பக்கத்து ஊர்த்தலைவர்களும் எல்லைக்கல்லுக்கு வந்து, கல்லின் மேல் ஒருவர் கைமேல் ஒருவர் கை வைத்து, இனிச் சமாதானம் என்று மூன்று தரம் சொல்கிறார்கள். ரொங்கால்காரரின் மாட்டு டாக்டர் பசுக்களைப் பார்த்து, சரி என்று எடுத்துக்கொள்கிறார்.

கீதாரி கொஞ்ச நேரம் பேசவில்லை. ஓர் ஆட்டுக்குட்டி கத்தியது. டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு அணைத்தார்.

"எத்தனை வருசம் ஆச்சுன்னீங்க?"

"அறுநூத்தைம்பது கிட்ட, ஐயா."

"அன்னைலருந்து மூணே மாடுதானா?"

"மூணுதான்."

"கூட்டிக் கேக்கவே இல்லையா அந்த ஊர்க்காரன்?" என்று சிரித்தார். அப்புறம் மாமாவின் வீட்டு விளக்கு எரிகிற திசையைப் பார்த்து, என் பக்கம் சாய்ந்து, "கிடைக்கூலி நாலு வருசமா அதே கூலிதான் தம்பி. காலையில உங்க மாமாகிட்ட ஒரு வார்த்தை நீங்களே சொல்லுங்க" என்றார்.